நாலு லிட்டர் தண்ணீர்

தரையில் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தைப் போடுவேன். முழங்காலை மடக்காமல் குனிந்து அதை எடுக்க வேண்டும். அடுத்தது, வாயை மூடிக்கொண்டு மோவாய் நெஞ்சில் படும்படி தலையை இறக்க வேண்டும். மூன்றாவது, இரண்டு கைகளையும் தூக்கிப் பிடரிக்குப் பின்னால் விரல் கோத்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஜிம்மில் பெண்கள் பேட்சில் சேருகிற எல்லோருக்கும் முதல் நாள் நான் வைக்கிற பரீட்சை இதுதான். காசை எடுத்தவருக்கே அந்தக் காசு. பேட்ச் முழுக்கக் கை தட்டும். எடுக்க முடியாதவர் பாதி வழியில் தொடையைப் பிடித்துக்கொண்டு நின்று சிரிப்பார், மற்றவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். சார்ட்டில் 'வளைவு குறைவு' என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். ஒன்பது வருடம் இப்படிச் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் என்னை நானே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

பாலக்கோட்டில் தக்காளி மண்டிக்குப் போகிற வழியில், ஓர் உரக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது எங்கள் ஜிம். காலையும் மாலையும் ஆண்களுக்கு. பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை பெண்களுக்கு, அதாவது எனக்கு. சோறாக்கி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் பஸ் பிடித்து வருகிறவர்களுக்கு அந்த நேரம்தான் தோது. வளைவு பார்ப்பதற்கென்று அளவு போட்ட மரப்பெட்டி ஒன்று உண்டு. அதை வாங்கித் தரச் சொல்லி முதலாளியிடம் கேட்டேன். பெட்டிக்குப் பதில் சுவரில் இன்னொரு கண்ணாடி மாட்டினால் போட்டோ நன்றாக வரும் என்றார். கண்ணாடி வந்தது. அந்தக் கடுப்பில் நானே யோசித்துக் கொண்டுவந்ததுதான் காசு விளையாட்டு. பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் கம்பைநல்லூர்ப் பக்கம் பிறந்தவள். பெங்களூரில் மூன்று மாதம் தங்கிப் படித்துச் சர்டிஃபிகேட் வாங்கினேன். முதல் நாள் வகுப்பில் பாடம் எடுத்தவர் என் வாயைப் பார்த்துவிட்டு, எல்லோர் முன்னாலும், "பான் போடற பழக்கத்த மொதல்ல விட்டுடுங்க, நம்ம தொழிலுக்கு ஆகாது" என்றார். பாக்குத் தூளைக்கூட நான் தொட்டதில்லை. என் முன்பற்களில் பழுப்பாகக் கோடுகோடாய்க் காவி படிந்திருக்கும். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அப்படித்தான். "எங்க ஊர்ல எல்லாருக்குமே இப்படித்தான் சார்" என்றேன். வகுப்பே சிரித்தது. உடம்பைப் பற்றிப் பாடம் நடத்த வந்த மனிதர், ஓர் ஊரில் எல்லோருக்கும் பல் ஏன் இப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்கவில்லை. நான் கேட்டேனா? நானும் கேட்கவில்லை. ஜிம்மில் வேலைக்குச் சேர்ந்ததும் போஸ்டருக்குச் சிரிக்க வேண்டும் என்று முதலாளி சொன்னார். முன்பற்கள் நாலுக்கும் வெள்ளை உறை மாட்டிக்கொண்டேன். அத்தோடு அந்தக் கேள்வி ஒழிந்தது.

அந்தப் படிப்பில் தோள் மூட்டுக்கு ஒரு பாடம், முழங்காலுக்கு ஒரு பாடம், இதயத்துக்கு மூன்று பாடம். எல்லாம் வெளிநாட்டுப் புத்தகம், வழுவழுவென்று வெளிநாட்டு உடம்புகள். தண்ணீருக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். உடற்பயிற்சி செய்கிறவர் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், லிட்டர் கணக்கில் அளந்து குடிக்கப் பழக்குங்கள் என்று இருந்தது. எந்தத் தண்ணீர் என்று ஒரு வரி இல்லை. அந்தப் புத்தகத்தில் இருந்தவர்கள் யாரும் ஆயிரம் அடி போர் போட்டுக் குடித்தவர்கள் இல்லை. நான் அதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு வந்து, எங்கள் ஊர்ப் பெண்களிடம் ஒப்பித்தேன். வருகிற எல்லோருக்கும் ஒரே சீட்டு: தினம் நாலு லிட்டர்.

இனி, அந்தச் சீட்டை வாங்கிக்கொண்ட ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தூரத்தில் ஒரு கிராமம். நாற்பத்திரண்டு வயது. வீட்டுக்காரரோடு சேர்ந்து சொந்த நிலத்தில் தக்காளி போடுகிறவர். என்னைவிட மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவரோ என்னை மேடம் என்பதை விடவே இல்லை. சேரும்போது கொடுக்கிற ஃபாரத்தில் பன்னிரண்டு கேள்விகள் இருக்கும்: நெஞ்சுவலி உண்டா, மயக்கம் உண்டா, அறுவை செய்துகொண்டது உண்டா என்று. அதை யாரும் படித்து நிரப்புவதில்லை. எங்கள் வழக்கம், நானே மேலிருந்து கீழே வரை 'இல்லை' என்று ஒரே இழுப்பாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது. அவருக்கும் அப்படித்தான் எழுதினேன். எழுதி முடித்த பிறகு, "எதுக்குக்கா சேர்றீங்க, எடை கொறைக்கவா?" என்று கேட்டேன்.

"எடை கெடக்குதுங்க மேடம். குனிஞ்சு தக்காளி பறிக்க முடில. முதுவு கட்ட மாதிரி நிக்குது. குந்தினா எந்திரிக்க முடில. டாக்டரு ஊசி போட்டுட்டு, ஒடம்ப கொறைங்க, எக்சர்சைஸ் பண்ணுங்கன்னாரு. ஒங்ககிட்ட வந்தா வளைஞ்சு குடுக்கும்னு பஸ்ல ஒரு பொண்ணு சொல்லிச்சு. குனிய வெச்சுட்டீங்கன்னா போதும், வேற ஒண்ணும் வேணாம்."

ஆறு மாதத்தில் வில்லாக வளைத்துவிடுகிறேன் என்று சொன்னேன். அவர் சிரித்தார். அவர் பல்லிலும் அதே காவிக்கோடு, என்னுடையதைவிட அழுத்தமாக. பார்த்தேன். எங்கள் ஊர்ப் பல் என்று நினைத்துக்கொண்டு காசைத் தரையில் போட்டேன்.

அவரால் எடுக்க முடியவில்லை. விரல்கள் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றுவிட்டன. மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு கை வைக்கலாம், அவ்வளவு இடைவெளி. கைகள் காதுக்கு மேல் போகவே இல்லை. மூன்று பரீட்சையிலும் சுத்தமாகத் தோற்ற முதல் ஆள் அவர்தான். இதைப் பார்த்ததும் ஒழுங்கான பயிற்சியாளர் நிறுத்தியிருக்க வேண்டும். ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். நான் பேட்சைப் பார்த்து, "அக்காவ நான் வழிக்குக் கொண்டாரன் பாருங்க" என்றேன்.

அவரைப் போல ஒழுங்கானவர் என் பேட்சில் யாரும் இருந்ததில்லை. பஸ் வராத நாள் தவிர ஒரு நாள் தவறமாட்டார். என்னிடமிருந்த கத்திரிப்பூ நிற பாட்டில் ஒன்றை அவருக்குக் கொடுத்தேன். ஒரு லிட்டர் பாட்டில். பேனாவால் கால் லிட்டருக்கு ஒன்றாக நான்கு கோடு போட்டு, "இத ஒரு நாளைக்கு நாலு தடவ காலி பண்ணணும்க்கா" என்றேன். அதுவரை அவர் நாளைக்கு ஒரு சொம்பு, ஒன்றரைச் சொம்பு குடித்துவந்தவர். வீட்டில் எந்தத் தண்ணீர் என்று நான் கேட்கவில்லை. "நல்லாக் காய்ச்சிக் குடிங்க" என்று மட்டும் சொன்னேன். அவரும் விறகடுப்பில் வைத்துக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, ஆறவைத்து, ஊற்றி, கோடு பார்த்துக் குடித்தார். எத்தனை பேருக்கு எத்தனை அறிவுரை சொல்லியிருப்பேன்! ஒருவரும் கேட்டதில்லை. கேட்டவர் இவர் ஒருவர்தான்.

நாலு மாதம் போனது. எடை கொஞ்சம் குறைந்தது. வளைவு மட்டும் ஒரு விரல்கடைகூட வரவில்லை. போதாததற்கு முதுகு இன்னும் விறைப்பாகிவிட்டதாகவும், காலையில் எழுந்திருக்கவே கட்டில் சட்டத்தைப் பிடிக்க வேண்டியிருப்பதாகவும் சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை. என் கைராசியைக் குறை சொல்வது போல இருந்தது. "வீட்டுல ஸ்ட்ரெச் பண்றீங்களா இல்லியா? பண்ணா எப்படி வராம போவும்?" என்று அதட்டினேன். பண்றேங்க என்றார். நான் நம்பவில்லை. ஐந்து ரூபாய்க் காசைப் பார்த்து, "அக்காவோட காசு வட்டி போட்டுட்டு இருக்கு" என்று மற்றவர்கள் கேலி செய்தபோது நான் தடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்தார். நல்ல மரியாதையான குரல். "ஏங்க மேடம், நாலு மாசமா போய்ட்டு வருது, ஒண்ணும் முன்னேத்தம் தெரியலீங்களே? எதாச்சும் கோளாறுங்களா?" என்றார். ஜிம்மில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. கத்தித்தான் பேசினேன். "கோளாறெல்லாம் ஒண்ணும் இல்லீங்க! சோம்பேறித்தனம்! ஒடம்ப அசைக்க மாட்டேங்கறாங்க! வூட்டுல நல்லா வேல வாங்குங்க, தானா சரியாயிடும்!" என்றேன். அவர் நன்றி சொல்லி வைத்தார். என்னிடம் பயிற்சிக்கு வந்தவர் அவர் மனைவி. மனைவியின் உடம்பைப் பற்றி, மனைவியைக் கேட்காமல், புருஷனிடம் தீர்ப்புச் சொன்னேன். எனக்கு அது தப்பாகவே படவில்லை. பேட்சில் இதைச் சிரிப்பாகக்கூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரத்திலிருந்து அவர் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். சொன்னதைச் செய்வார், வியர்ப்பார், பாட்டிலைக் கோடு வரை குடிப்பார், பஸ்ஸுக்குப் போவார். ஒரு நாள் பயிற்சிப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைத் தூக்கி மோவாயை நெஞ்சில் தொடச் சொன்னேன். வரவில்லை. பின்னால் உட்கார்ந்து, பிடரியில் கை கொடுத்து நானே அழுத்தினேன். சுவரை அழுத்துகிற மாதிரி இருந்தது. இன்னும் அழுத்தினேன். "வேணாங்க மேடம், வேணாங்க" என்றார். "ரெண்டே ரெண்டு செகண்டு" என்றேன். அப்போது அவர் கத்தின கத்தலில் கீழே உரக்கடையிலிருந்து ஆள் மேலே வந்துவிட்டார். அக்கா சிறிது நேரம் அப்படியே படுத்திருந்தார். பிறகு கட்டைவிரல்களைத் தரையில் ஊன்றி மெதுவாக எழுந்தார். துண்டை மடித்தார். "வர்றங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர், திரும்ப வரவில்லை.

பதிவேட்டில் அவர் பெயருக்கு நேராக 'ஒழுங்கு போதாது, நின்றுவிட்டார்' என்று எழுதினேன். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. அடிக்காமல் வைத்திருக்கிறேன்.

அந்த மாதமே முதலாளி என்னைச் சேலத்துக்கு இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார். பயிற்சியாளர்களின் தொழில் மேம்பாடு, வாடிக்கையாளர் பராமரிப்பு என்று பெரிய பேனர். கன்னத்தில் மைக் ஒட்டிக்கொண்ட ஒருவர் மேடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். ஆள் ஏன் நின்றுபோகிறார் தெரியுமா? நீங்கள் பிறந்த நாளுக்கு வாழ்த்துச் சொல்லவில்லை. அவர் செல்லப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரம் வராவிட்டால் 'உங்களை மிஸ் பண்றோம்' என்று செய்தி அனுப்பினீர்களா? இரண்டு நாளும் இதுதான். வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் என்ன செய்ய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், எப்போது என் கையை எடுத்துவிட்டு டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று ஒரு நிமிடம் பேசவில்லை. நான் எழுந்து கேட்டிருக்கலாம். நான் நோட்டில் பச்சை மையால் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, மதியச் சாப்பாட்டு வரிசையில் நின்றபடியே அவருக்குச் செய்தி அனுப்பினேன்: உங்களை மிஸ் பண்றோம் அக்கா. பக்கத்தில் ஓர் இதயமும் போட்டேன். கழுத்தை நெரித்தவள் அனுப்பிய இதயம். அவர் ஒரு கும்பிடு போட்டுப் பதில் அனுப்பினார்.

என் மகள் ஏழாவது படிக்கிறாள். இரண்டு மாதம் கழித்து அவள் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். பேச்சு முடிந்ததும் வெள்ளைக் கோட்டுப் போட்ட சுகாதாரப் பணியாளர் அம்மா ஒருவர் வந்து, பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பல் பார்த்தார். பிறகு எங்களையும் எழுந்து நிற்கச் சொன்னார். "பெரியவங்களும் செய்யுங்க, மூணே மூணு வேலதான்" என்று சொல்லிவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துத் தரையில் போட்டார்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். என் விளையாட்டை யாரோ சுட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. "முட்டிய மடக்காம குனிஞ்சு எடுக்கணும்" என்றார். அப்புறம், "மோவாய நெஞ்சுல வெக்கணும்" என்றார். அப்புறம், "ரெண்டு கையயும் தூக்கிப் பொடணிக்குப் பின்னால கோக்கணும்" என்றார். மூன்றும் அதே வரிசையில். என் சிரிப்பு நின்றுவிட்டது. "இது எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"ஃப்ளோரைடு பாக்கறதுக்குங்க. நம்ம பக்கம் பாறையில அது நெறைய இருக்குது, போர்த் தண்ணில கலந்து வரும். சின்ன வயசுல குடிச்சா பல்லு காவியாவும். வருசக் கணக்கா குடிச்சா எலும்புல போய்ப் படிஞ்சு கெட்டியாயிடும். முதுவு, கழுத்து, தோளு எதுவும் மடங்காது. இந்த மூணையும் செய்ய முடியலன்னா சந்தேகப்படலாம், ஒடனே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பணும்."

"காய்ச்சிக் குடிச்சா போயிடுங்களா?"

"போவாதுங்க. தண்ணி சுண்டும், அது அப்படியே இருக்கும். அந்தத் தண்ணிய எவ்ளோ கொறைக்கிறமோ அவ்ளோ நல்லது. ஆத்துத் தண்ணி கொழாய்ல வந்தா அதத்தான் குடிக்கணும்."

நான் அந்த வகுப்பறையில் நின்றபடியே என் மோவாயை இறக்கிப் பார்த்தேன். பட்டது. வாய்க்குள் நாக்கு அந்த நாலு வெள்ளை உறைகளையும் தடவிக்கொண்டே இருந்தது. ஒன்பது வருடம் நோயைக் கண்டுபிடிக்கிற பரீட்சையைக் கையில் வைத்துக்கொண்டு, தோற்றவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். சர்டிஃபிகேட் கொடுத்தவர்கள் மேல், மைக் மாட்டினவர் மேல், கண்ணாடி மாட்டின முதலாளி மேல் எல்லாம் கோபம் வந்தது. ஆனால் எண்ணிப் பார்த்தால் 'சோம்பேறி' என்ற சொல் என் வாயிலிருந்து வந்தது. பிடரியில் இருந்தது என் கை. ஒன்றரைச் சொம்பை நாலு லிட்டராக்கியது நான்.

பள்ளிக்கூட வாசலிலிருந்தே அக்காவுக்குப் போன் செய்தேன். நலம் விசாரித்துவிட்டு, வீட்டில் எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டேன். "போர்த் தண்ணிதாங்க, நம்ம கொல்லையில போட்டது. கொழாய்த் தண்ணி வருது, மருந்து வாடை அடிக்குதுன்னு ஏனம் கழுவ வெச்சுக்கறம்" என்றார். நான் எதுவும் சொல்வதற்குள், குரலில் ஒரு சந்தோஷத்தோடு, "ஜிம்முக்குத்தான் வர முடில, ஆனா நீங்க சொன்ன நாலு லிட்டர மட்டும் ஒரு நாளும் விடலைங்க மேடம்" என்றார். தினமும் நாலு முறை, கோடு பார்த்து. என் வகுப்புக்கு வராத நாளிலும் என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நாளைக்கு என்னோடு தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். காரணம் போனில் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

மறுநாள் புறநோயாளிகள் வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அவரால் பக்கவாட்டில் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. என்னோடு பேச முழு உடம்பையும் திருப்பினார். பேசிக்கொண்டே பையிலிருந்து அந்தக் கத்திரிப்பூ நிற பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தார். வெடுக்கென்று பிடுங்கிவிட்டேன். தண்ணீர் அவர் புடவையில் கொட்டியது. வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "என்னாங்க மேடம்?" என்று பயந்துபோய்க் கேட்டார். அங்கேயே, அந்த வரிசையிலேயே, எல்லாவற்றையும் சொன்னேன். காசு, பல், போர், நாலு லிட்டர், எதையும் விடவில்லை. அவர் புடவை முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், தண்ணீரையும் சிறுநீரையும் பரிசோதனைக்கு எழுதினார். ஆனாலும் எலும்பு சொல்கிறது என்றார். இது சில மாதத்தில் வந்தது இல்லை, இருபது முப்பது வருடமாகச் சேர்ந்தது. ஆனால் கூடுதலாகக் குடித்தது நல்லதும் இல்லை. கெட்டியானதை இளக்க முடியாது. தண்ணீரை மாற்றினால் வலி குறையலாம், இதற்குமேல் போகாமல் பார்க்கலாம். கழுத்தை யாரும் தொடக் கூடாது, வலுக்கட்டாயமாக எதையும் வளைக்கக் கூடாது என்று அழுத்திச் சொன்னார். என்னை அவருடைய தங்கை என்று நினைத்துக்கொண்டு, பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

"அப்ப குனிஞ்சு தக்காளி பறிக்க முடியாதுங்களா டாக்டர்?" என்று அவர் கேட்டார். ஜிம்மில் முதல் நாள் என்னிடம் கேட்ட அதே ஒரே விஷயம். கஷ்டம்தான் அம்மா என்றார் டாக்டர்.

வெளியே வந்து வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். அழுவார் என்று நினைத்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நல்லது என்றுகூட இருந்தது. அவர் நேராகப் பார்த்தபடி, "அப்ப நான் சோம்பேறி இல்லதானுங்க?" என்றார்.

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

"அத வூட்ல வந்து சொல்லுங்க."

அன்றைக்கே போனோம். பஸ்ஸை விட்டு இறங்கித் தோட்டத்துக்கு நடுவே நடந்தோம். வழியில் ஒரு வரிசைத் தக்காளி பறிக்காமல் பழுத்துத் தொங்கியது. அது தன் பங்கு வரிசை என்றார். இப்போதெல்லாம் ஒரு பாத்தியைப் பறிக்கப் பாதி நாள் ஆகிறது, மீதியை வீட்டுக்காரர் திட்டிக்கொண்டே பறிப்பார் என்றார். அதுவரை நான் கேட்டே இராத ஒன்றை அப்போதுதான் கேட்டேன்: என்னக்கா திட்டுவாரு? "மேடமே சொல்லிட்டாங்க, ஒனக்கு ஒண்ணும் இல்ல, சோம்பேறின்னு. அதத்தாங்க" என்றார். நான்தான் வேலை வாங்கச் சொன்னேன், அவர் வாங்கியிருக்கிறார்.

வீட்டுக்காரர் போர் மோட்டார் கொட்டகையிலிருந்து வந்தார். கெட்டவராகத் தெரியவில்லை. "வாங்க மேடம், குந்துங்க" என்று நாற்காலி எடுத்துப் போட்டு, உள்ளே போய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். வந்தவர்களுக்கு முதலில் அதைத்தானே கொடுப்போம். வாங்கித் தரையில் வைத்தேன். வேண்டாம் என்று சொல்ல என்னைவிடத் தகுதி குறைந்த ஆள் யாரும் இல்லை.

எழுந்து நின்றேன். நாற்காலியில் உட்கார்ந்து சொல்கிற விஷயம் இல்லை அது. வார்த்தை முணுமுணுப்பாகத்தான் வந்தது. "அண்ணா, அக்கா சோம்பேறி இல்லீங்க. அது எலும்பு நோவு. நம்ம தண்ணியால வந்தது. தெரியாம நான்தான் தப்பாச் சொல்லிட்டன்" என்றேன்.

அவர் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சொம்பைப் பார்த்தார். அவர் மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றிருந்தார். அந்த முதுகுக்கு வேறு வழி தெரியாது.

"இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க மேடம்" என்றார். "அன்னிக்கிப் போன்ல சொல்லும்போது நல்லா சத்தமாத்தான் சொன்னீங்க. அவுரு ஸ்பீக்கர்ல போட்டிருந்தாரு. நான் இங்கதான் நின்னுட்டிருந்தன்."

சத்தமாகச் சொன்னேன்.